‘நாடகம் போடுறா’ என்று சொல்வதற்கு முன்

சிங்கப்பூரில் தொடர் பார்க்கிற, பார்த்ததைப் பேசித் தீர்க்கிற என் சக ரசிகர்களுக்கு,

வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை தேக்கா உணவங்காடியில் நாங்கள் ஆறு பேர் உட்கார்ந்திருந்தோம். மாதத்தில் ஒரு ஞாயிறு இப்படிக் கூடுவது பல வருடப் பழக்கம். பிரியாணித் தட்டுகள் காலியாகி, இரண்டாவது சுற்று தே தாரிக்கும் வந்துவிட்டது. பேச்சு முழுக்க ஒரு தொடரில் வரும் கும்பல் தலைவனைப் பற்றி. அவன் ஏன் அந்தப் பையனைக் கொல்லாமல் விட்டான், சின்ன வயதில் அப்பாவிடம் வாங்கிய அடிதான் அவனை இப்படி ஆக்கியதா, கடைசிக் காட்சியில் கண் கலங்கியது மனைவிக்காகவா மகனுக்காகவா என்று ஒரு மணி நேரத்துக்கு மேல் போனது. நானும் பேசினேன், ரசித்துத்தான் பேசினேன்.

அப்புறம் நான் பார்த்து முடித்திருந்த ‘ஹேப்பி வேலி’யைப் பற்றி எடுத்தேன். இங்கிலாந்தின் யார்க்‌ஷரில் ஒரு பள்ளத்தாக்கு ஊர், அங்கே பெண் போலிஸ் சார்ஜெண்ட் ஒருத்தி. எங்களில் இளையவர், எனக்குத் தம்பி மாதிரி, சட்டென்று சொன்னார்: “நானும் பாத்தேன்க்கா. எல்லார்கிட்டயும் எரிஞ்சு எரிஞ்சு விழுறா. ரெண்டு எபிசோட்ல விட்டுட்டேன்.” இன்னொருவர் தலையாட்டினார். பேச்சு திரும்பவும் கும்பல் தலைவனிடமே போய்விட்டது.

எரிந்து விழுகிறாள் என்பது உண்மைதான். ஆனால் அதே தம்பி, பிணத்தை அமிலத்தில் கரைக்கிற ஒருவனோடு ஐந்து சீசன் உட்கார்ந்திருந்தவர். அவனுக்குக் கொடுத்த பொறுமையில் பத்தில் ஒரு பங்குகூட இவளுக்கு ஏன் இல்லை? அன்றைக்குக் கேட்க வாய் வரவில்லை. எம்ஆர்டி ரயிலில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். அதனால்தான் இந்த மடல்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நானும் அதே தப்பைச் செய்தவள்தான். அமிலம் என்றதும் உங்களுக்குப் புரிந்திருக்கும், 2008 முதல் 2013 வரை வந்த ‘பிரேக்கிங் பேட்’. புற்றுநோய் வந்த வேதியியல் ஆசிரியர் வால்டர் வைட், குடும்பத்துக்குப் பணம் சேர்க்கிறேன் என்று போதைப்பொருள் காய்ச்சத் தொடங்கி, கடைசியில் ஒரு குழந்தைக்கு விஷம் வைக்கிற அளவுக்குப் போகிறார். அவருடைய மனைவி ஸ்கைலர் வந்தாலே நான் காட்சியை ஓட்டிவிடுவேன்.

ஐந்தாவது சீசனில் வால்டருக்கு ஐம்பத்தொன்றாவது பிறந்தநாள். வீட்டுக் கொல்லையில் நீச்சல் குளம், பக்கத்தில் ஸ்கைலரின் சகோதரியும் அவள் கணவரும். தான் பிழைத்து வந்த கதையை வால்டர் உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஸ்கைலர் எழுந்து போய், உடுத்திய உடையோடு குளத்தில் இறங்குகிறாள். முழங்கால் முங்குகிறது, இடுப்பு முங்குகிறது, பாவாடை தண்ணீர்மேல் விரிந்து மிதக்கிறது, தலையும் உள்ளே போய்விடுகிறது. முதல் தடவை அதைப் பார்த்தபோது நான் சொன்னது இதுதான்: “ஆரம்பிச்சிட்டா, நாடகம் போடுறா.”

சில வருடம் கழித்து, அப்பா படுத்த படுக்கையாக இருந்த காலத்தில், ராத்திரி தூக்கம் வராமல் அதே தொடரைத் திரும்பப் போட்டேன். அதே குளம் வந்தது. அவள் உண்மையிலேயே நாடகம்தான் போடுகிறாள். தன் புத்தி சரியில்லை என்று சகோதரி நம்பினால் பிள்ளைகள் இருவரையும் கொஞ்ச நாளைக்குத் தன் வீட்டுக்கு அழைத்துப் போவாள். கொலைகாரன் இருக்கிற வீட்டிலிருந்து குழந்தைகளை வெளியே அனுப்ப அவள் கையில் இருந்தது அந்த ஒரு வழிதான். போலிஸிடம் போக முடியாது, கறுப்புப் பணத்தை வெள்ளையாக்கியதில் அவளுக்கும் பங்கு உண்டு. பயமும் குற்றமும் கெட்டிக்காரத்தனமும் ஒன்றாகச் சேர்ந்து அந்தத் தண்ணீருக்குள் இறங்குகின்றன. அன்று இரவு படுக்கையறையில் கணவன் அவளை மடக்கி மடக்கிக் கேட்கிறான், உன்னால் என்ன செய்ய முடியும் என்று. காத்திருக்க முடியும் என்கிறாள். எதற்காக? அவனுடைய புற்றுநோய் திரும்பி வருவதற்காக. அந்தத் தொடரில் எத்தனையோ பேர் சாகிறார்கள், எனக்கு அந்த ஒரு வார்த்தை கொடுத்த நடுக்கத்தை எந்தச் சாவும் கொடுக்கவில்லை. முதல் தடவை நான் அந்தக் காட்சியை ஓட்டிவிட்டிருந்தேன்.

ஸ்கைலராக நடித்த அன்னா கன் 2013 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸில் ஒரு கட்டுரை எழுதினார். பாத்திரத்தின்மேல் கிளம்பிய வெறுப்பு எப்படித் தன்மேலேயே திரும்பியது என்பதைச் சொல்லியிருந்தார். அவரைக் கொல்ல வேண்டும், எங்கே இருக்கிறார் என்று ஒருவர் இணையத்தில் கேட்டதும் அதில் வருகிறது. அதே வருடமும் அதற்கடுத்த வருடமும் அந்தப் பாத்திரத்துக்காக அவருக்கு எம்மி விருது கிடைத்தது. நடிப்பு அப்படி இருந்தது. நம் கண்தான் சரியில்லை.

நம் வாயில் வரும் வார்த்தைகளைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். எதிர்த்துப் பேசும் ஆணுக்குக் கெத்து, அதையே பெண் செய்தால் திமிர். மனசில் இருப்பதை வெளியே காட்டாதவன் ஆழமான ஆள், காட்டாதவள் அழுத்தக்காரி. இதையெல்லாம் யாரும் யோசித்துச் சொல்வதில்லை, நாக்கில் ஊறிக் கிடக்கிறது. இது ஆண்களின் குறை என்று தள்ளிவிடவும் முடியாது. எங்கள் ஆறு பேரில் மூன்று பேர் பெண்கள்.

‘எதிர்நீச்சல்’ 2022 முதல் 2024 வரை சன் டிவியில் வந்தது. படித்த பெண்களை மருமகளாகக் கொண்டுவந்து அடுப்படியில் உட்கார வைக்கிற ஒரு வீடு, அந்த வீட்டின் நான்கு மருமகள்கள் மெல்ல மெல்ல எழுந்து நிற்கிற கதை. ‘கோலங்க’ளில் அபியை நமக்குக் கொடுத்த அதே திருச்செல்வம்தான் இயக்கினார். சரி, அந்தத் தொடரிலிருந்து நம் கைப்பேசிகளில் சுற்றியது எது? ஆதி குணசேகரன், அவருடைய ‘இந்தாம்மா ஏய்’. மாரிமுத்து அதை அப்படி நடித்தார், அந்தக் குரலை மறக்கவே முடியாது. 2023 செப்டம்பரில் அவர் காலமானபோது எங்கள் வீட்டில் சொந்தக்காரர் போனது போல இருந்தது. ஆனாலும் ஒன்றை நினைத்துப் பாருங்கள். வீட்டுப் பெண்களை அடக்குகிற ஆளின் வசனத்தை நாம் ஸ்டிக்கராக அனுப்பிச் சிரித்துக்கொண்டிருந்தோம். அந்த ‘ஏய்’ யாரைப் பார்த்துச் சொல்லப்பட்டதோ அவர்களில் இரண்டு பேரின் பெயரை உங்களால் இப்போது சொல்ல முடியுமா?

என் அம்மாவால் முடியும். அம்மாவுக்கு வயது எழுபத்திரண்டு, ஈசூனில் எங்களோடு இருக்கிறார். மடியில் முறத்தை வைத்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே தொடர் பார்ப்பார். குணசேகரன் கத்தும்போது அவர் கண் கீரையில்தான் இருக்கும். கத்தி முடிந்து, அவருடைய மனைவி ஈஸ்வரியின் முகத்துக்குக் கேமரா போகும்போதுதான் கை நிற்கும். கனிகா நடித்த பாத்திரம் அது. “என்னம்மா பாக்குற, அவ சும்மாதானே நிக்கிறா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“சும்மாவா நிக்கிறா? போன வாரம் இதே மாதிரி கத்துனப்ப தலையைக் குனிஞ்சுக்கிட்டா. இன்னைக்குக் குனியல பாரு. முந்தானையைக்கூட இழுத்து விட்டுக்கல.”

சொல்லிவிட்டு மறுபடியும் கீரையை எடுத்துக்கொண்டார்.

நாங்கள் தேக்காவில் ஒரு மணி நேரமாகச் செய்கிற வேலையும் இதேதான். போன வாரத்தையும் இந்த வாரத்தையும் ஒப்பிட்டு, ஒருவன் எந்த இடத்தில் மாறினான் என்று கண்டுபிடிக்கிறோம். எங்களுக்கு ரசிகர்கள் என்று பெயர். ஒரு கழுத்தசைவில் கதை நகர்ந்ததைக் கண்டுபிடித்த அம்மாவுக்குச் சீரியல் பைத்தியம் என்று பெயர். அவர் காதுபடவே நான் அப்படிச் சொல்லியிருக்கிறேன். இதை எழுதும்போது மனசு கஷ்டப்படுகிறது.

எனக்குத் தெரிந்தவரை சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது. ஆணின் மனசைத் துருவிப் பேசினால் விமர்சனம், பெண்ணின் மனசைத் துருவிப் பேசினால் வம்பு என்று எப்போதோ பிரித்து வைத்துவிட்டோம். அதனால் ஒரு பெண்ணை, நல்லது கெட்டது இரண்டும் கலந்த ஒருத்தியை, நடுவில் வைத்து ஒரு தொடர் வந்தால், எந்த நாட்டுத் தொடராக இருந்தாலும் ‘பொம்பளைங்க சீரியல்’ பக்கம் ஒதுங்கிவிடுகிறது. அந்தப் பக்கம் இருப்பதை அம்மா பார்ப்பார், அத்தை பார்ப்பார், நாம் பார்க்க மாட்டோம்.

நம் சீரியல்கள்மேல் நீங்கள் வைக்கும் குறை நியாயமானது, அதை நான் மறுக்கவில்லை. அழுகிற நல்லவள் ஒருத்தி, பாயசத்தில் எதையோ கலக்கிற வில்லி ஒருத்தி என்று எத்தனையோ தொடர்கள் வருடக்கணக்கில் ஓடியிருக்கின்றன. அதைப் பார்த்துப் பார்த்து, ஒரு பெண் வந்தவுடனே இவள் எந்த வரிசை என்று தெரிந்தாக வேண்டும் என்ற அவசரம் நமக்கு வந்துவிட்டது. நல்லவளும் கெட்டவளுமாக ஒருத்தி வந்தால் எங்கே உட்கார வைப்பது என்று தெரியாமல் ‘எரிச்சலா இருக்கா’ என்று முடித்துவிடுகிறோம்.

இந்த அவசரம் பழையதுதான். பள்ளியில் கண்ணகியைப் படித்தோம், மாதவி என்றால் குடியைக் கெடுத்தவள் என்பதோடு நிறுத்திக்கொண்டோம். சிலப்பதிகாரத்தின் கானல்வரியில், கடற்கரையில் யாழை வாங்கி, வேறொருத்திமேல் மனம் வைத்தவன் போல முதலில் பாடியவன் கோவலன். பதிலுக்கு அவளும் அப்படியே பாடினாள், ‘மாயத்தாள்’ என்று சொல்லி எழுந்து போய்விட்டான். தாழை மடலில் அவள் கடிதம் எழுதித் தோழி வசந்தமாலையிடம் கொடுத்தனுப்பினாள். கூல மறுகில், அதாவது தானியக் கடைத் தெருவில் வைத்து வசந்தமாலை நீட்டிய அந்தக் கடிதத்தை அவன் கையில் வாங்கவே இல்லை. அவள் காட்டிய அன்பெல்லாம் நடிப்பு, ஆடல் மகள்தானே என்றான். நான் அந்த நீச்சல் குளத்தைப் பார்த்துச் சொன்னதும் அதேதான்.

இரண்டாவது கடிதம் மதுரைக்குப் போகிற வழியில் கோசிகன் கையில் வருகிறது. எல்லாம் இழந்த பிறகு, ஊரைவிட்டு ராத்திரியோடு ராத்திரியாக வந்த பிறகு, அதைத்தான் அவன் பிரித்துப் படிக்கிறான். படித்து முடித்ததும் அவள்மேல் தீது இல்லை, ‘என் தீது’ என்று உணர்கிறான். பாட்டைக் கேட்டு எழுந்து போனவனுக்குக் கடிதத்தைப் படிக்கும் பொறுமை அப்போதுதான் வந்தது.

‘ஹேப்பி வேலி’க்குத் திரும்ப வருகிறேன், தம்பி பார்த்து விட்ட அதே முதல் எபிசோடுக்கு. பெட்ரோலை மேலே ஊற்றிக்கொண்டு பற்றவைக்கப் போவதாக ஒரு இளைஞன் மிரட்டிக்கொண்டு நிற்கிறான். சார்ஜெண்ட் கேத்தரின் கேவுட் தீயணைப்புக் கருவியோடு வந்து அவனிடம் பேச்சுக் கொடுக்கிறாள், தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறாள். வயது நாற்பத்தேழு, விவாகரத்தானவள், ஹெராயின் பழக்கத்திலிருந்து மீண்டுகொண்டிருக்கும் தங்கையோடு இருக்கிறேன். இரண்டு பிள்ளைகள், ஒன்று செத்துவிட்டது, இன்னொன்று என்னோடு பேசுவதில்லை. ஒரு பேரன் இருக்கிறான். வேலைக்கு நடுவில், மார்க்கெட்டில் விலை சொல்வது போலச் சொல்லிவிட்டுப் போகிறாள்.

அந்தப் பேரன், செத்துப்போன மகளைப் பலாத்காரம் செய்தவனுக்குப் பிறந்தவன். அவனை வளர்ப்பேன் என்று நின்றதால்தான் கணவனும் போனான், மகனும் விலகினான். பேரனைக் கட்டிக்கொள்ளும்போதெல்லாம் அவளுக்குள் ஒரு பயம் ஓடுகிறது, இவனிடம் அப்பனின் ரத்தம் இருக்குமோ என்று. அவள் எரிந்து விழுகிற ஒவ்வொரு இடத்துக்கும் இதுதான் அடியில் கிடக்கிறது. இதே பாரத்தை ஒரு ஆண் போலிஸ்காரர்மேல் ஏற்றியிருந்தால் நாம் அன்றைக்குத் தேக்காவில் அவரைப் பற்றித்தான் பேசியிருப்போம். சாலி வெயின்ரைட் 2014, 2016, 2023 என்று மூன்று சீசன் எழுதி, சொல்ல வேண்டியது தீர்ந்ததும் நிறுத்திக்கொண்டார்.

நாம் பார்க்கிற விதமும் ஒரு காரணம் என்று தோன்றுகிறது. ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்க்கிறோம். யார் கொலைகாரன், அடுத்து யார் சாவார் என்று ஊகம் போட்டால்தான் பேச்சு சூடு பிடிக்கிறது. முப்பது விநாடியில் வெட்டி அனுப்பக்கூடிய காட்சி இருந்தால் தொடர் பரவுகிறது. ஈஸ்வரி தலை குனியாத காட்சியை முப்பது விநாடியில் வெட்டி அனுப்பினால் யாருக்கும் ஒன்றும் புரியாது, போன வாரம் குனிந்ததை அவர்கள் பார்த்திருக்க வேண்டும். ஒன்றரை மடங்கு வேகத்தில் அது நமக்கே தெரியாமல் போய்விடும்.

இதெல்லாம் வெளியூர்த் தொடர்களைப் பற்றிய பேச்சு என்று நினைக்காதீர்கள். 2008இல் நம் ஊர்த் தமிழ் ஒளிபரப்பான வசந்தம் தனி ஒளிவழி ஆனது. அதே வருடக் கடைசியில் சீன மொழி ஒளிவழியான சேனல் 8இல் ‘த லிட்டில் நோன்யா’ தொடங்கியது. ஜெனெட் ஆவ் தாயாகவும் மகளாகவும் நடித்த 34 பகுதித் தொடர். சீனம் தெரியாத எங்கள் வீட்டில்கூட அதைப் பற்றிப் பேச்சு இருந்தது. பெண்ணை மையமாக வைத்தால் ஓடாது என்பவர்களுக்கு நான் எப்போதும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அந்தப் பெண்மேல் குற்றம் சொல்ல இடமே கிடையாது, அவள் பக்கம் நிற்பது நமக்குச் சுலபமாக இருந்தது. குற்றம் சொல்ல இடம் இருக்கிற ஒருத்தி நம் மொழியில், நம் ஊரிலிருந்து வந்தால் அவள் பக்கம் உட்கார்ந்து பார்ப்போமா? வசந்தம் என்றதும் நம் கூட்டத்தில் முதலில் வாயில் வருவது ‘வேட்டை’தான். போலிஸ் கதை நமக்குப் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும்.

ஆனால் இந்த ஊரில் எத்தனை கதைகள் கிடக்கின்றன தெரியுமா? என் உடன் வேலை செய்கிற ஒருத்தி, கல்யாணம் வேண்டாம் என்று இருந்தவள், முப்பத்தைந்து வயது ஆனதும் தனி ஆளாக அரசாங்கத்தின் வீவக அடுக்குமாடி வீட்டுக்கு விண்ணப்பித்து வாங்கினாள். சாவியைக் கொண்டுபோய் அவள் அம்மாவிடம் காட்டியிருக்கிறாள். அந்த அம்மா சாவியைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “சாமி கும்பிட்டியா?” என்று மட்டும் கேட்டாராம். சந்தோஷமா, வருத்தமா, இனிமேல் இவள் கல்யாணமே பண்ணிக்கொள்ள மாட்டாள் என்று தெரிந்துபோன முகமா என்று அவளுக்கு இன்றுவரை தெரியவில்லை. “எனக்கு அன்னைக்கு அம்மாமேல கோபமா வந்துச்சு, வீட்டுக்கு வரச் சொல்லல” என்றாள். ஆறு மாதம் சொல்லவில்லையாம். இதில் யார் நல்லவர், யார் கெட்டவர்? எனக்கு இதைப் பதின்மூன்று பகுதி பார்க்க வேண்டும் போல இருக்கிறது.

இப்படி எழுதக்கூடியவர்கள் நம் நடுவே இருக்கிறார்கள். ஆனால் பார்க்க ஆள் இருக்கிறது என்று அவர்களுக்கும் ஒளிவழிக்கும் யார் சொல்வது? இந்த ஊரில் இந்தியர்கள் நூற்றுக்கு ஒன்பது பேர் அளவுதான், அதில் தமிழ்த் தொடர் பார்ப்பவர்கள் இன்னும் குறைவு. பெரிய ஊரில் ஒரு ரசிகர் பேசாமல் இருந்தால் தெரியாது, இங்கே தெரியும்.

அமெரிக்காவில் 1982இல் ‘கேக்னி அண்ட் லேசி’ என்று ஒரு தொடர் வந்தது. இரண்டு பெண் துப்பறிவாளர்கள், ஒருத்திக்குக் குடும்பம், இன்னொருத்தி தனி ஆள், போகப் போகக் குடிப்பழக்கத்தில் சிக்குகிறவள். 1983இல் அதை ஒளிபரப்பிய சிபிஎஸ் நிறுவனம் நிறுத்திவிட்டது. பார்த்தவர்கள் சும்மா இருக்கவில்லை, கடிதம் எழுதினார்கள், கடிதங்கள் வந்து குவிந்தன. 1984இல் தொடர் திரும்பி வந்து 1988 வரை ஓடியது. 1983 முதல் 1988 வரை ஆறு வருடமும் நாடகத் தொடரின் சிறந்த நடிகைக்கான எம்மி விருது டைன் டேலி, ஷாரன் கிளஸ் இருவரில் ஒருவருக்கே போனது. கடிதம் எழுதியவர்கள் நம்மை மாதிரி ரசிகர்கள்தான்.

உங்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. ஒரு பெண் பாத்திரம் எரிச்சலாக இருக்கிறாள் என்று தோன்றினால், அந்த இடத்தில் நிறுத்தாமல் இன்னும் நான்கு பகுதி பாருங்கள், ஓட்டாமல். அவள் ஏன் அப்படி இருக்கிறாள் என்று உங்கள் கும்பல் தலைவனுக்குக் கேட்ட அதே கேள்விகளை அவளுக்கும் கேளுங்கள். பிடித்திருந்தால் பெயர் சொல்லிப் பேசுங்கள். வசந்தத்தில் அப்படி ஒரு தொடர் வந்தால் அதைப் பற்றி நாலு வரி எழுதிப் போடுங்கள். பார்த்த பிறகும் பிடிக்கவில்லையென்றால் சொல்லுங்கள், அதைப் பற்றியும் ஒரு மணி நேரம் பேசுவோம்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு அம்மாவை அழைத்து வருகிறேன். தம்பியிடம் சொல்லிவிட்டேன், அவர் ‘எதிர்நீச்சல்’ முதல் வாரத்தைப் பார்த்துவிட்டு வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். அம்மாவும் ‘ஹேப்பி வேலி’யின் முதல் எபிசோடைப் பார்த்தாயிற்று, நான் பக்கத்தில் உட்கார்ந்து வசனத்தைச் சொல்லச் சொல்ல. முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்: “அந்தப் பையன் தூங்குனதுக்கு அப்புறம் இவ எங்க உக்காந்து அழுவா?” அதற்குப் பதில் யாருக்காவது தெரிந்தால் ஞாயிற்றுக்கிழமை வந்து அம்மாவிடம் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஈசூனிலிருந்து ஒரு ரசிகை